சிபினை விளிக்க ஒரு ஆள்

ஜெபகுமாரிக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. இஞ்சிவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்ற அவளுடைய அம்மா, "எனக்க மவ வீட்டு முற்றத்தில நின்னு விளிச்சா, சந்தையில கிழங்கு நிறுக்கிய எனக்குக் கேக்கும்" என்று சொல்வாள். அதில் பெருமை பாதி, கவலை பாதி. பெண்பிள்ளைக்கு இத்தனை சத்தம் ஆகுமா என்ற கவலை. சபையின் பாடகர் குழுவில் இரண்டு ஞாயிறு நின்றாள். மூன்றாவது ஞாயிறு பாட்டு நடத்துகிறவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மக்கா, நீ வாயை மட்டும் அசைச்சா மதி" என்றார். கொஞ்ச நாள் வாயை மட்டும் அசைத்துவிட்டு, பிறகு ஜெபகுமாரி பெஞ்சுக்கே திரும்பிவிட்டாள்.

தேர்வு எழுதிக் கேரள அரசுப் பேருந்தில் கண்டக்டராகச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தொண்டைக்கு ஒரு மதிப்பு வந்தது. பாறசாலை டிப்போவிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாருக்குப் போகிற வண்டியில் அவள் "உள்ள கேறி நில்லுங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும், படியில் தொங்குகிற கல்லூரிப் பையன்கள் டிரைவர் சீட்டு வரைக்கும் நகர்ந்துவிடுவார்கள். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை சொல்லுவாள். தூங்குகிறவர்களுக்கு இரண்டும் தேவைப்படாது, முதல் தடவையிலேயே விழித்துக்கொள்வார்கள்.

உதியன்குளங்கரை நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற சிபினுக்குக் கண் தெரியாது. பிறக்கும்போது மங்கலாக இருந்த பார்வை, பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மொத்தமாகப் போய்விட்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. இருபத்தைந்து வயது, நெடுநெடுவென்று உயரம். அவன் ஏறினால் வண்டிக்குள் ஒரு சலசலப்பு எழும். யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள். யாராவது, "பாவம், கண்ணு தெரியாத பையன், எடம் கொடுங்க" என்பார்கள். ஜெபகுமாரி பக்கத்தில் போகமாட்டாள். இருந்த இடத்திலிருந்தே, "சிபினே, படி நனைஞ்சு கெடக்கு. வலது பக்கக் கம்பி ஒழிவு. சீட்டு ஒண்ணும் இல்ல, நிக்கணும்" என்று சொல்வாள். அவன் தலையை ஆட்டிவிட்டு வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்வான். இரண்டு வருஷம் அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு ஆவணி மாதத்துக் காலை, வண்டியில் கூட்டமில்லாத நேரத்தில், சிபின் அவளிடம் கேட்டான்.

"எக்கா, ஞாயிறு காலத்த உங்களுக்கு ஒழிவு உண்டா?"

"சபைக்குப் போணும். எதுக்கு?"

"சபைக்கு முன்ன மதி. நான் லாங் ஜம்ப் சாடுவேன். என்னை விளிக்க ஒரு ஆளு வேணும்."

ஜெபகுமாரி முதலில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் விவரமாகச் சொன்னான். கண் தெரியாதவர்களின் நீளம் தாண்டலில் மணல்குழிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று குரல் கொடுக்கவேண்டும். அந்தக் குரலைப் பார்த்து ஓடிவந்து, அதைப் பார்த்தே தாண்டவேண்டும். கல்லூரியில் கூடப் படித்த அஜீஷ் இத்தனை காலம் அவனை விளித்துக்கொண்டிருந்தான். அஜீஷ் ஷார்ஜாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று பேரை வைத்துப் பார்த்தும் சரியாக வரவில்லை.

"எனக்க சத்தம் நாலு ஊருக்குக் கேக்கும். அதுக்காக்குமா என்னைக் கேக்கிய?" என்றாள்.

சிபின் சிரித்தான். "வந்து பாருங்க எக்கா. பிடிக்கல்லன்னா வரண்டாம்."

பாறசாலையில் ஒரு பள்ளி மைதானம். மணல்குழிக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. சுந்தரதாஸ் என்ற உடற்பயிற்சி ஆசிரியர்தான் சிபினுக்குப் பயிற்சி கொடுப்பவர். அதிகம் பேசாத, சட்டென்று முகம் சுளிக்கிற மனிதர். ஓட்டம் தொடங்கும் இடத்தில் சிபினைத் தோளைப் பிடித்து நேராக நிறுத்துவது அவர் வேலை. தாண்டுகிற இடத்தில் பலகைக்குப் பதிலாக, ஒரு மீட்டர் அகலத்துக்கு வெள்ளைப் பொடி தூவியிருந்தார். அந்தப் பொடியில் கால் எங்கே பதிகிறதோ அங்கிருந்துதான் தூரத்தை அளப்பார்கள் என்றார். ஜெபகுமாரியை மணலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "அவன் வாறது வரைக்கும் விளிச்சோண்டே இருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது அவ்வளவு சுலபமாக இல்லை. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆறடி உயர ஆள் ஒருவன் தன்னை நோக்கி முழு வேகத்தில் ஓடிவருவதை ஜெபகுமாரி அதுவரை பார்த்ததில்லை. "வா, வா, வா" என்று தொடங்கினாள். அவன் பாதி தூரம் வந்ததும் அவளுடைய கால்கள் தானாகவே பக்கவாட்டில் நகர்ந்தன. வாய் அடைத்துக்கொண்டது. சிபின் குரலைத் தேடிக் கோணலாகத் தாண்டி, குழியின் ஓரத்தில் பதித்திருந்த செங்கல்லின்மேல் போய் விழுந்தான். முழங்கையும் முட்டியும் கிழிந்து ரத்தம் வந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே, இனிமேல் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை என்று முடிவு செய்தாள். மறுநாள் முழங்கையில் கட்டோடு சிபின் வண்டியில் ஏறினான்.

"எக்கா, வாற ஞாயிறு கொஞ்சம் நேரத்தே வருவியளா?"

"எலே, உனக்கு மூளை உண்டா? தொலி உரிஞ்சு கெடக்கு. நான் மாறிப்போனதனாலதான் நீ விழுந்தது."

"நீங்க மாறினது தப்பில்ல. ஆருக்கும் பேடி வரும். சத்தம் நின்னதாக்கும் தப்பு. நான் கோணிப் போனா 'நில்லு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிப்பேன். அது மதி எனக்கு."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் தாண்டவே இல்லை. ஓடுவதும் நிற்பதும் மட்டும்தான். ஜெபகுமாரி விளிப்பாள், சிபின் ஓடிவருவான், நடுவில் எப்போதாவது அவள் "நில்லு" என்பாள். சொன்ன இடத்தில் அவன் கால் ஊன்றி நிற்கவேண்டும். முதலில் இரண்டு மூன்று எட்டு தள்ளிப் போய் நின்றான். பிறகு சொல் முடிவதற்குள்ளேயே நின்றான். அவன் நிற்பான் என்பது தெரிந்த பிறகுதான் ஜெபகுமாரியின் கால்கள் நகராமல் இருக்கப் பழகின.

அவள் கணவன் எலியா தரை ஓடு பதிக்கிற கொத்தனார். பஸ்ஸில் சத்தம் போடுவது போதாது என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் சத்தம் போட வேண்டுமா என்று முதலில் முணுமுணுத்தான். ஒருநாள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க அவளோடு வந்தான். குழி ஓரத்துச் செங்கல்லைப் பார்த்தான், சிபினின் முழங்கைத் தழும்பைப் பார்த்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையால் செங்கல்லையெல்லாம் பெயர்த்து வெளியே போட்டு, அந்த இடத்தில் மணல் நிரப்பிய சாக்குகளைப் புதைத்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே அவளை எழுப்ப ஆரம்பித்தான்.

ஒரு வருஷத்தில் சிபின் மாநிலப் போட்டியில் முதலாவதாக வந்தான். அடுத்து தேசியப் போட்டியில் வெள்ளி. கஜகஸ்தானில் பிப்ரவரி மாதம் பார்வையற்றோருக்கான சர்வதேச உள்ளரங்கத் தடகளப் போட்டி நடக்கிறது, ஆண்கள் நீளம் தாண்டலுக்கு அவனையும் அவனுடைய இரண்டு வழிகாட்டிகளையும் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று செய்தி வந்தபோது, ஜெபகுமாரி அமரவிளையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிபின்தான் வண்டியில் இருந்தபடியே சொன்னான். பின் சீட்டில் இருந்த மீன்காரி ஒருத்தி, "என்னது, விளிக்கியதுக்கு விமானத்திலயா கொண்டுபோவாவ?" என்று கேட்டாள். டிப்போவிலும் அதையேதான் கேட்டார்கள். கேட்டவர்களே அவளுடைய டியூட்டிகளைப் பங்குபோட்டுப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள்.

மூன்று பேருக்கும் முதல் விமானம் அது. ஜெபகுமாரியின் மகள், பெங்களூரில் நர்ஸிங் படிக்கிற ஆர்யா, குளிர் உடுப்புகளை அனுப்பியிருந்தாள். கஜகஸ்தானில் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் மூக்கு நுனி மரத்துப்போனது. தரையெல்லாம் வெள்ளை. சிபின் கையுறையைக் கழற்றிக் குனிந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளினான். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, "மணலுக்குப் பதிலா இது ஆகாது" என்று கீழே போட்டான். சுந்தரதாஸே சிரித்துவிட்டார்.

பயிற்சி நாளன்று அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜெபகுமாரி மேலே பார்த்தாள். இரண்டு தென்னை உயரத்துக்கு இரும்புக் கூரை. கீழே ஓட்டப்பாதை, குண்டு எறியும் வட்டம், ஒரு பக்கமாக மணல்குழி. தாண்டுகிறவர்கள் ஓடிவரும் பாதை தரையோடு இல்லை. பலகையால் ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டி அதன்மேல் சிவப்பு ரப்பர் விரித்திருந்தார்கள். மணலுக்குப் பின்னால் இரண்டு எட்டில் மெத்தை சாத்திய சுவர். அந்தச் சுவருக்கு முன்னால்தான் அவள் நிற்கவேண்டும்.

அவர்கள் முறை வந்தது. சுந்தரதாஸ் அவனை நிறுத்தினார். ஜெபகுமாரி மூச்சை இழுத்து, மைதானத்தில் விளிப்பதுபோலவே விளித்தாள்.

"வா... வா... வா..."

சிபின் நாலு எட்டு ஓடினான், பிறகு நின்றுவிட்டான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"எக்கா, நீங்க எங்க நிக்கியது?"

"இஞ்சதான், நேரே."

"நாலு பேரு விளிக்கியது போல கெடக்கு. மேலேந்து ஒண்ணு, பின்னேந்து ஒண்ணு. எதைப் பாத்து ஓடணும்ணு தெரியல்ல."

மறுபடியும் முயன்றார்கள். குரல் சுவரில் மோதி, கூரையில் மோதித் திரும்பி வந்தது. அவள் கூட்டக் கூட்டக் கலங்கலும் கூடியது. ஒரு தடவை சிபின் பாதையின் ஓரம்வரை போய்விட்டான். அவள் நிறுத்தினாள். மற்ற நாட்டுக்காரர்கள் கையைத் தட்டினார்கள், அல்லது நாக்கைச் சொடுக்கினார்கள். உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பருமனான மனிதர் இருமுவதுபோல ஏதோ செய்தார், அவருடைய ஆள் அம்புபோல ஓடித் தாண்டினான். ஊரில் மரங்களும் வானமும் அவள் சத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கே அதை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. ஒரு தடவைகூட ஒழுங்காகத் தாண்டவில்லை.

விடுதிக்கு வந்து தேநீர் குடிக்கிறபோது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"சாரே, நாளைக்கு நீங்க கையைத் தட்டுங்க. அவனைத் தோளைப் பிடிச்சு நேரா நிறுத்தியதுக்கு நம்ம டீம்ல வேற ஆரையாவது கேக்கலாம். எனக்க தொண்டை இங்க ஆகாது."

சுந்தரதாஸ் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது என்று அவருடைய முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம்" என்றான் சிபின்.

"எலே, நான் கோவத்தில சொல்லல்ல. இந்தச் சத்தத்துக்காகத்தான் நீ என்னை விளிச்சது. இங்க அது கேடாக்கும் செய்யியது."

"சத்தத்துக்காகன்னு ஆரு சொன்னது?"

சிபின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எனக்கு வேற மூணு பேரு விளிச்சாவ. நல்ல மனுசங்கதான். நான் கோணி ஓடினாலும் 'சரி, சரி, நல்லா வாற'ன்னு சொல்லுவாவ. மனசு கஷ்டப்படாண்டாம்னு. நீங்க பஸ்ஸில என்ன சொல்லுவிய? படி நனைஞ்சிருந்தா நனைஞ்சிருக்குன்னு சொல்லுவிய. சீட்டு இல்லன்னா இல்லன்னு சொல்லுவிய. ரெண்டு வருஷத்தில ஒரு நாளும் இல்லாததைச் சொல்லல்ல. இருட்டில ஓடியதுக்கு எனக்கு அது போதும் எக்கா. சத்தம் எப்பிடி இருந்தாலும் சரி."

ஜெபகுமாரி தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். சுந்தரதாஸ் எழுந்தார். "கீழ கார் நிறுத்திய எடம் உண்டு. அங்கயும் எதிரொலிதான். வாருங்க" என்றார்.

விடுதியின் அடித்தளத்தில் சாயங்காலம் பாதி இடம் காலியாகக் கிடந்தது. சிபின் ஒரு கோடியில் நின்றான், அவள் மறுகோடியில் நின்று ஒவ்வொரு சத்தமாகச் செய்து பார்த்தாள். கையைத் தட்டினாள். ஓடுகிற கால் சத்தமும் கைதட்டும் சேர்ந்து குழம்புகிறது என்றான். "வா" என்று மெதுவாகச் சொன்னாள். நீண்டு போகிறது என்றான். "நீட்டாதிங்க. வெட்டி வெட்டிச் சொல்லுங்க. வாய்க்குள்ளயே முடியணும்." "போ", "சாடு", "இஞ்ச" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவன் ஒவ்வொன்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினான். கடைசியில் அவள் சலித்துப்போய், தூரத்திலிருந்து ஏதோ சொன்ன சுந்தரதாஸிடம், "அங்க நின்னு கத்தாண்டாம் சாரே, கிட்ட வந்து சொல்லுங்க" என்றாள்.

"அது" என்றான் சிபின் அந்தக் கோடியிலிருந்து.

"எது?"

"கிட்ட. இன்னொரு தடவ சொல்லுங்க."

"கிட்ட."

"விளிக்கண்டாம். பேசியது போலச் சொல்லுங்க."

"கிட்ட. கிட்ட. கிட்ட."

சிபின் நடந்து வந்தான். பிறகு வேகமாக நடந்தான். அவளுக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் சரியாக நின்று கையை நீட்டி அவள் தோளைத் தொட்டான். "ஒருத்தருதான் நிக்கியது" என்றான். வாகனக் காவலாளி வந்து போகச் சொல்கிறவரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

மறுநாள் ஒன்பது பேர் போட்டியில் இருந்தார்கள். ஆளுக்கு மூன்று தாண்டல், அதில் முன்னால் நிற்கிற எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. ஒவ்வொருவரும் ஓடத் தயாரானதும் ஒலிபெருக்கியில் அமைதி கேட்டார்கள். அரங்கம் முழுவதும் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் தன் சொந்தக் குரலை ஜெபகுமாரி முதல்முறையாகப் புதிதாய்க் கேட்டாள். அடித்தொண்டையிலிருந்து, பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல. "கிட்ட. கிட்ட."

முதல் ஓட்டத்தின் நடுவில் குண்டு எறிகிற பக்கம் யாரோ கைதட்டிவிட்டார்கள். சிபின் நின்றுவிட்டான். நடுவர் கையை உயர்த்தி மறுபடி ஓட அனுமதித்தார். அந்தக் கலக்கத்தில் அவன் தயங்கித் தாண்டினான், தூரம் குறைவு. இரண்டாவதில் பொடிப் பட்டையைத் தாண்டிக் கால் வைத்ததால் சிவப்புக் கொடி. மூன்றாவது நன்றாக விழுந்தது, ஆறாம் இடம். எட்டுப் பேரில் ஒருவனாகிவிட்டான். நான்காவதில் இன்னும் கொஞ்சம் கூடி ஐந்தாம் இடத்துக்கு வந்தான்.

ஐந்தாவது ஓட்டம் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தது. இவ்வளவு வேகமாக அவன் ஓடி அவள் பார்த்ததில்லை. பாதங்கள் பலகையில் மத்தளம்போல விழுந்தன. அவள் "கிட்ட, கிட்ட" என்று எண்ணிக்கையைக் கூட்டினாள். அப்போது அவன் இடதுபக்கமாக ஒரு இழை சாய்வதைப் பார்த்தாள். அடுத்த எட்டில் இன்னும் ஒரு இழை. பாதையின் ஓரம் அவனுடைய காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓரத்துக்கு அப்பால் ஒரு முழப் பள்ளம், சிமெண்டுத் தரை.

ஒருவேளை அவனாகவே திரும்பிவிடலாம். திரும்பினால் இது பதக்கத் தாண்டலாகக்கூட இருக்கலாம். அவ்வளவும் அவள் மனதில் ஓடி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"நில்லு."

அது பழைய குரல். கூரைவரை போய்த் திரும்பி வந்தது. சிபின் காலை ஊன்றி, உடம்பு முன்னால் மடங்க, வழுக்கி நின்றான். வலதுகால் பாதையில் இருந்தது. இடதுகால் பாதி வெளியே இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கொடுத்த நேரம் கடிகாரத்தில் தீர்ந்தது. ஐந்தாவது வாய்ப்பு போய்விட்டது. சுந்தரதாஸ் அந்தக் கோடியிலிருந்து விரைந்து வந்தார். அவர் பின்னாலிருந்து பார்த்தவர், அங்கிருந்து ஓரம் தெரியாது.

"நேராத்தானே போனான், ஜெபா" என்றார் மெதுவாக. குரலில் வருத்தம் இருந்தது.

"இல்ல சாரே. சாஞ்சான்."

"சாஞ்சேன் சாரே" என்றான் சிபின். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "கடைசி ரெண்டு எட்டுக்கு இடதுகாலுக்கு அடியில பலகைக்க சத்தம் மாறிச்சு. ஓரம்ணு தெரியும். ஆனா எக்கா ஒண்ணும் சொல்லாத வரைக்கும் ஓடலாம்ணு நெனச்சேன். சொன்னாவ, நின்னேன்."

பிறகு அவளுடைய திசையில் முகத்தைத் திருப்பி, "கடைசி ஓட்டத்தில நான் ஒண்ணும் பாக்கமாட்டேன் எக்கா. முழு வேகத்தில வாறேன். நீங்க நில்லுன்னா நிப்பேன், இல்லன்னா சாடுவேன்" என்றான்.

"செரி" என்றாள். சுவருக்கு முன்னால் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஆறாவது. அரங்கம் அடங்கியது. சுந்தரதாஸ் இந்தத் தடவை அவன் தோளை நீண்ட நேரம் பிடித்திருந்து, கொஞ்சமாக வலதுபக்கம் திருப்பி, விட்டார். ஜெபகுமாரி தொடங்கினாள். கிட்ட. கிட்ட. அவன் பாதையின் நடுவில், கயிறு கட்டி இழுத்ததுபோல வந்தான். அவளுக்குப் பயம் என்பதே இல்லாமல் போயிருந்தது. அவன் கால்களை மட்டும் பார்த்தாள். வெள்ளைப் பொடி புகைபோல எழும்பியது. அவன் காற்றில் ஏறினான். கறுப்புத் துணி கட்டிய முகம் அவளை நோக்கி வந்தது. அடுத்த கணம் அவள் வாய், மூக்கு, கண்ணெல்லாம் மணல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வெள்ளைக் கொடி உயர்ந்திருந்தது. சிபின் மணலில் உட்கார்ந்தபடியே, "எக்கா, போர்டில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான்.

"இன்னும் வரல்ல. பொறு." பிறகு வந்தது. "ஆறுன்னு தொடங்குது."

அவன் அதுவரை ஆறு மீட்டரைத் தொட்டதில்லை. மணலை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டான். சுந்தரதாஸ் ஓட்டப்பாதையின் ஓரத்தில் ஓடிவந்தார். அந்த மனிதர் ஓடி அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் அவன் மூன்றாவது இடத்தில் இருந்தான். அவனுக்குப் பிறகு தாண்டவேண்டியவர்களில் துருக்கி நாட்டுக்காரன் ஒருவன் இரண்டு விரல் அகலம் கூடுதலாகத் தாண்டினான். சிபின் நான்காவது. ஜெபகுமாரி அதை அப்படியே சொன்னாள். "துருக்கிக்காரன் தாண்டிட்டான். ரெண்டு விரலுதான். நீ நாலாவது." சிபின் முகத்திலிருந்த மணலைத் துடைத்தான். பிறகு, "அவனுக்க கையைப் பிடிச்சுக் குலுக்கணும், கொண்டுபோங்க" என்றான்.

வெளியே வருகிறபோது அந்த உஸ்பெக் மனிதர் ஜெபகுமாரியை நிறுத்தினார். அவருடைய ஆள் வெள்ளி வாங்கியிருந்தான். அரைகுறை ஆங்கிலத்தில், நீ சொல்கிறாயே ஒரு வார்த்தை, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவளுக்கு ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வதென்று வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தள்ளி வைத்துக் காட்டி, பிறகு மெதுவாக ஒன்றையொன்று நெருங்க வைத்தாள். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். "கித்தா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவருடைய வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று அவள் கையாலேயே கேட்டாள். அவர் வெட்கத்தோடு, அது வார்த்தையில்லை, இருமல்தான் என்று சைகை காட்டினார்.

எலியாவைத் தொலைபேசியில் பிடித்தபோது ஊரில் அவன் வேலையிடத்தில் இருந்தான். பின்னால் ஓடு அறுக்கிற இயந்திரச் சத்தம்.

"மெடல் உண்டா?"

"இல்ல. நாலாவது."

"நாலாவதா?" இயந்திரம் நின்றது. "வந்திருந்த நாடுகள்ல எல்லாமா?"

"எல்லாத்திலயும்தான்."

அவன் யோசித்தான். "அப்போ அவனுக்கு முன்ன மூணு பேருதான் உண்டு" என்றான். பிறகு, "நீ சாப்பிட்டியா? அங்க சோறு உண்டா?" என்று கேட்டான்.

அவர்கள் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து, கோடையில் நடக்கப்போகிற பெரிய போட்டிக்கான முகாமுக்கு சிபினின் பெயர் வந்தது. முகாம் பெங்களூரில். வழிகாட்டி என்ற இடத்தில் ஜெபகுமாரியின் பெயரும் சுந்தரதாஸின் பெயரும் இருந்தன. ஒரு மாதம் வீட்டை விட்டு இருக்கவேண்டும். அவள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது எலியா மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வா. மவளையும் பாக்கலாம். எனக்குக் கஞ்சியும் பயறும் வைக்கத் தெரியும்."

"தேங்காச் சம்மந்தி அரைக்கத் தெரியுமா?"

"அது தெரியாது. நீ போறதுக்கு முன்ன காட்டித் தா."

அந்த ஞாயிறு மைதானத்தில் முந்தின நாள் மழையின் ஈரம் இருந்தது. எலியா மணலைக் கிளறிவிட்டான். வெளியில் விளிக்கிறபோது பழைய குரல் வேண்டுமா, கிட்ட என்று சொல்கிற குரல் வேண்டுமா என்று ஜெபகுமாரி கேட்டாள். சொல் அதுவாக இருக்கட்டும், சத்தம் உங்கள் சத்தமாக இருக்கட்டும் என்றான் சிபின். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். ரப்பர் மரத்திலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன.

சிபின் இரண்டு தடவை தாண்டினான். இரண்டுமே நேராக வந்தன. சுந்தரதாஸ் குழியைப் பார்த்தார், ஓட்டம் தொடங்குகிற கோட்டைப் பார்த்தார். "வேகம் கூடியிருக்கு. ஓட்டத்துக்குத் தூரம் போதல்ல" என்று சொல்லி, சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்து, பழைய கோட்டுக்குப் பின்னால் வேலி ஓரமாகப் புதிதாக ஒரு கோடு போட்டார்.